காலியாக இருந்தால் நிரப்பு

நீங்கள் கம்ப்யூட்டர் வேலையா சார்? மடியில் விரித்து வைத்திருக்கிறீர்களே, அதனால் கேட்டேன். மூட வேண்டாம், மூட வேண்டாம். நான் எட்டிப் பார்க்கவில்லை. அப்படியே கண்ணில் பட்டது. பெயர், ஊர், போன் நம்பர், கட்டம் கட்டமாக. அந்தக் கட்டங்களைப் பார்த்தாலே இப்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

ஒன்று கேட்கலாமா? உங்கள் மாதிரி ஆளிடம் கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வேலையை மிஷினிடம் சொல்கிறோம். அது சொன்னதைச் சொன்னபடி செய்கிறது. கொஞ்சம்கூடப் பிசகவில்லை. ஆனால் செய்து முடித்த பிறகு பார்த்தால் ஒரு வீடே காலியாகிக் கிடக்கிறது. தப்பு யார் பேரில்? சொன்னவன் பேரிலா, செய்ததன் பேரிலா? அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள். ஓமலூர்தான் தாண்டியிருக்கிறோம்.

நான் படித்தவனில்லை. அதாவது ஐ.டி.ஐ.யில் ஏ.சி. மெக்கானிக் படித்தேன், அவ்வளவுதான். சங்ககிரிப் பக்கம் ஒரு தனியார் பால் குளிரூட்டும் நிலையத்தில் இரவு ஷிப்ட். பத்தொன்பது வருஷமாக இரவுதான். டேங்கில் பால் நாலு டிகிரியில் நிற்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். எழுதிவிட்டால் அடுத்த அரை மணிக்கு வேலை கிடையாது. ஆபீஸ் கம்ப்யூட்டர் சும்மா கிடந்தது. அதில்தான் கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. பகலில் வந்து படுத்தால் தூக்கமும் வராது. தெருவில் காய்கறி வண்டிக்காரன் கத்துவான், குழந்தைகள் கத்தும். ஊர் விழித்திருக்கும்போது ஒருத்தன் தூங்குவதற்கு முயற்சி செய்துகொண்டே இருந்தால் அவனுக்கு மனுஷர்களோடு பேச்சே குறைந்துபோய்விடுகிறது சார். கல்யாணம் ஆகவில்லை. அது வேறு கதை, அதை விடுங்கள்.

எங்கள் குலதெய்வம் கோயிலுக்கு வருகிற வைகாசியில் கும்பாபிஷேகம். கமிட்டித் தலைவர் தனசேகரண்ணன், எனக்குப் பெரியப்பா மகன். பேங்க்கில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும் அவருக்கு. பங்காளிகள் பெங்களூரிலும் துபாயிலும் எங்கெங்கேயோ இருக்கிறார்கள், எல்லோருக்கும் முதலில் ஈமெயிலில் தகவல் போக வேண்டும், அப்புறம் தபாலில் பத்திரிகை, அப்புறம் போன் என்றார். வாட்ஸப்பில் போட்டால் போதாதா என்று யாரோ கேட்டதற்கு, "வாட்ஸப்ல குட்மார்னிங் போடுவீங்க. சாமிக்கும் அதே மரியாதையா?" என்று ஒரு சத்தம் போட்டார்.

கோயிலுக்கென்று ஒரு ஈமெயில் கணக்கு. அதில் அறுநூற்று நாற்பது பேர் பட்டியல். ஒவ்வொருத்தருக்கும் ஒரு அட்டை மாதிரி. பெயர், விலாசம், போன், ஈமெயில், கணவர் அல்லது மனைவி பெயர். பத்து வருஷமாக ஆளாளுக்கு இஷ்டத்துக்குப் போட்டு வைத்த பட்டியல். பாதி நம்பரில் ஒரு இலக்கம் குறைவு. செத்தவர்கள் எல்லாம் உயிரோடு இருந்தார்கள். "இத ஒவ்வொண்ணா திருத்தி முடிக்கறதுக்குள்ள அடுத்த கும்பாபிஷேகமே வந்துரும்டா" என்றார் தனசேகரண்ணன்.

"எங்கிட்ட குடுங்கண்ணா" என்றேன்.

ஸ்கிரிப்ட் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்களுக்குப் போய்ச் சொல்கிறேன் பாருங்கள். நாலைந்து வரியில் இன்னது செய் என்று எழுதிவிட்டால் மொத்தப் பட்டியலிலும் தானாகச் செய்துவிடுகிறது. முதலில் நம்பர்களுக்கு முன்னால் நாட்டுக் குறியீடு சேர்க்கிற ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒரு பட்டன். நாற்பது வினாடி. அறுநூற்று நாற்பது பேரும் நான் சொன்னதைக் கேட்டார்கள் சார். என் வாழ்க்கையில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. எழுந்து போய் டேங்க்கைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். அன்றைக்கு மீட்டர் எழுத மறந்துபோய், அப்புறம் உத்தேசமாக எழுதினேன். இன்றைக்கு வரைக்கும் அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கப்புறம்தான் தனசேகரண்ணன் அந்தப் பேச்சை எடுத்தார்.

எங்களில் ஒரு வழக்கம். கோயில் பத்திரிகை தலைக்கட்டுக் கணக்கில் போகும். ஒரு குடும்பத் தலைவன், ஒரு தலைக்கட்டு. கட்டிக்கொடுத்த பெண்களையும் கூப்பிடுவோம். ஆனால் புருஷன் பெயரோடு சேர்த்துத்தான் கூப்பிடுவோம். இன்னார், இன்னார் தம்பதி சமேதராய் என்று. பட்டியலில் கட்டிக்கொடுத்த பெண்களில் முப்பத்தொன்பது பேருக்குத் தனித்தனியாக அட்டை இருந்தது. புருஷனுக்கு ஒரு அட்டை, இவர்களுக்கு ஒரு அட்டை. தனசேகரண்ணனுக்கு அது பொறுக்கவில்லை.

"கல்யாணமான பொண்ணு பேர்ல தனியா பத்திரிக போனா என்னடா அர்த்தம்? தாலி அறுத்தவன்னு அர்த்தம். எல்லாத்தயும் ஜோடியா சேத்து வை."

அது நியாயம்தானே? நியாயம்தான். நானும் எழுதினேன். பதினாலு வரி. கணவர் என்கிற கட்டத்தில் இருக்கிற பெயரை எடு. அந்தப் பெயரில் அட்டை இருக்கிறதா பார். இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வை. அவர் அட்டையில் ஏதாவது காலியாக இருந்தால் இவள் அட்டையிலிருந்து எடுத்து நிரப்பு. இவள் அட்டையில் காலியாக இருந்தால் அவர் அட்டையிலிருந்து நிரப்பு. புருஷன் பெண்டாட்டிக்கு ஒரே விலாசம்தானே? சோதித்துப் பார்க்காமல் செய்யவில்லை. மொத்தப் பட்டியலையும் காப்பி எடுத்து வைத்தேன். மூன்று தம்பதிகளை வைத்துச் சோதித்தேன். மூன்றும் கச்சிதம். மூன்று பேருமே ஒழுங்காகக் குடும்பம் நடத்துகிறவர்கள்.

இங்கேதான் என் தங்கச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மரகதம். எனக்கு இரண்டு வயது இளையவள். கட்டிக்கொடுத்து இருபத்திரண்டு வருஷம். மாப்பிள்ளை பெயர் சென்னகேசவன், லாரி புக்கிங் ஆபீஸ். நல்ல மனுஷர்தான். கொஞ்சம் கோபம் வரும். கொஞ்சம் சாப்பிடுவார். அந்தத் தொழிலில் யார்தான் சாப்பிடாமல் இருக்கிறார்கள்? ஒரு தடவை சண்டையில் இவள் கையில் முறிவு. பெரிய முறிவு இல்லை. மாவுக்கட்டு போட்டு ஆறு வாரம். கட்டோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள், பெண்ணையும் கூட்டிக்கொண்டு. நான் இரவெல்லாம் வேலைக்குப் போய்விடுகிறவன். வயசுக்கு வந்த பெண்ணை வைத்துக்கொண்டு இவள் அங்கே தனியாக இருந்தால் தெருவில் என்ன பேசுவார்கள்? நானே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். கட்டுப் பிரிக்கிறதுக்கு முன்னாலேயே. மாப்பிள்ளை வாசலில் வந்து, "வாங்க மச்சான், சாப்பிட்டுப் போங்க" என்றார். சாப்பிட்டேன். அவள்தான் பரிமாறினாள், இடது கையால். அதற்குக்கூட அவர் ஒன்றும் சொல்லவில்லை பாருங்கள்.

இன்னொரு தடவையும் வந்தாள். அப்போதும் கொண்டுபோய் விட்டேன்.

மூன்றாவது தடவை என்னிடம் வரவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் பெண்ணோடு எங்கேயோ போய்விட்டாள். மாப்பிள்ளை என்னைத்தான் பிடித்தார். ஒளித்து வைத்திருக்கிறேன் என்று சொல்லி, பேச்சையே விட்டுவிட்டார். ஒரு வருஷம் கழித்து அவளே போன் செய்தாள். திருப்பூரில் இருக்கிறாள், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. எனக்கு மட்டும் விலாசம் சொன்னாள்.

"எழுதி வெச்சுக்காதண்ணா. மனசுல வெச்சுக்க. யாரு கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு."

"சரி"ன்னேன்.

ஆனால் சார், தூக்கமில்லாதவனுக்கு மனசில் என்ன நிற்கும்? அடுத்த நாளே கதவு நம்பர் மறந்துபோயிற்று. மறுபடி கேட்டால் திட்டுவாள். கேட்டு வாங்கி, பட்டியலில் அவள் அட்டையிலேயே போட்டு வைத்தேன். விலாசம், புது நம்பர் எல்லாம். பாதுகாப்பாக இருக்கட்டும் என்றுதான். பாஸ்வேர்ட் எனக்கும் தனசேகரண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும்.

ஸ்கிரிப்ட் ஓடி முடிந்ததா, அடுத்து எல்லோருக்கும் ஒரு மெயில். அதுவும் ஸ்கிரிப்ட்தான். அவரவர் அட்டையில் உள்ளது அவரவருக்குப் போகும். அன்புடையீர், தங்கள் விவரங்கள் கீழே உள்ளன, பிழை இருந்தால் தெரிவிக்கவும், இல்லையென்றால் சரி என்று ஒரு வரி அனுப்பவும். ஒரே தடவையில் எல்லோருக்கும் அனுப்பினேன். காலையில் ஷிப்ட் முடிகிற நேரம், ஐந்தே முக்கால் இருக்கும், முதல் பதில் வந்துவிட்டது.

மாப்பிள்ளை!

"எல்லாம் சரியாக உள்ளது. மிக்க நன்றி மச்சான்."

மச்சான் என்று எழுதியிருந்தார் சார். மூன்று வருஷத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசாத மனுஷர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அட்டைக்குப் பச்சை நிறம் போட்டேன், சரிபார்த்தாயிற்று என்பதற்கு. முதல் பச்சை அதுதான். அவர் அட்டையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சரி என்று அவரே சொல்லிவிட்டாரே.

அவர் அட்டையில் முன்பு ஈமெயிலைத் தவிர ஒன்றும் கிடையாது. வீட்டைக் காலி செய்துவிட்டு ஆபீஸிலேயே படுத்துக்கொண்டிருந்தார், விலாசம் யாரும் போடவில்லை. காலியாக இருந்தது. காலியாக இருந்தால் நிரப்பு. புரிகிறதில்லையா?

உங்களுக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று.

மதியம் படுத்திருக்கிறேன், போன். மரகதம்.

"அண்ணா, யாருக்குக் குடுத்த?"

"என்னத்த?"

"எதிர்ல உக்காந்திருக்காரு. பேக்கரி பெஞ்சுல."

"யாரு, மாப்பிள்ளையா?"

"மூணு நாளா வர்றாரு. காலையில வந்தா நான் ஷிப்ட் முடிஞ்சு வர்ற வரைக்கும் உக்காந்திருக்காரு."

"ஏதாச்சும் பேசினாரா?"

"பேசல. டீ குடிக்கிறாரு. என்னப் பாத்துக் கையாட்டுறாரு."

எனக்கு என்ன தோன்றிற்று தெரியுமா? கையாட்டினால் நல்லதுதானே என்று தோன்றிற்று. அடித்தாரா, சத்தம் போட்டாரா? ஒன்றுமில்லை, உட்கார்ந்திருக்கிறார். அதைத்தான் சொன்னேன். "வேலைய விட்டுட்டு மூணு நாளா வந்து உக்காந்திருக்காருன்னா பாசம் இல்லாமயா மரகதம்?"

அவள் பக்கம் பஸ் ஹாரன் சத்தம் கேட்டது. அப்புறம், "நீ தூங்குண்ணா. ராத்திரி வேலை உனக்கு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

திரும்பக் கூப்பிட்டேன். அன்றைக்கு ஸ்விட்ச் ஆஃப். மறுநாளும். ஞாயிற்றுக்கிழமை திருப்பூருக்கே போனேன். பூட்டு. வீட்டுக்காரர் சொன்னார், இரண்டு பையோடு போய்விட்டார்களாம், கேஸ் சிலிண்டரைக்கூட எடுக்கவில்லை, பெண்ணின் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் அப்படியே நிற்கிறது. "உங்க மச்சானாம், அவரும் வந்து பாத்துட்டுப் போனாருங்க. கதவ ரெண்டு தட்டுத் தட்டினாரு" என்றார். கதவில் தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் பலகை உள்ளே போயிருந்தது. பழைய கதவு. கொஞ்சம் பலமாகத் தட்டினாலே அப்படித்தான் ஆகும்.

வந்து பதினாலு வரியையும் பிரிண்ட் எடுத்துப் பார்த்தேன். சட்டைப் பையில்தான் இருக்கிறது, வேண்டுமானால் பாருங்கள். இதோ, ஒன்பதாவது வரி. இதில் என்ன தப்பு? நீங்கள் எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பீர்கள். வரியில் தப்பில்லை, அட்டையில்தான் தப்பு. அவள் அட்டையில் கணவர் என்கிற இடத்தில் அவர் பெயர் இருந்தது. அதை நான் எடுத்திருக்க வேண்டும் என்கிறீர்களா? எப்படி எடுப்பது? கோர்ட்டில் எழுதி வாங்கினால்தானே எடுக்க முடியும்? அண்ணனே எடுக்கலாமா?

அனுப்பின மெயிலைத் திரும்ப வாங்கவும் முடியாது. பட்டியலை மட்டும் பழைய காப்பிக்கு மாற்றினேன். ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தேன், பெயர் மரகதம் என்றால் தொடாதே என்று. இப்போது பதினைந்து வரி.

மற்றவர்களா? மற்ற முப்பத்தெட்டுப் பேரா? அவர்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லையே சார். எல்லாம் பச்சைதான். தம்மம்பட்டியில் ஒரு பெண் இருக்கிறாள், அவள் புருஷனிடமிருந்து பதில் வந்தது, அவளிடமிருந்து இன்னும் வரவில்லை. மெயில் பார்க்கிற பழக்கம் இருக்காது.

தொப்பூர்க் கணவாய் வந்துவிட்டது. இந்த ஏற்றத்தில் எனக்குக் கொஞ்சம் குமட்டும், பேசாமல் இருக்கிறேன்.

ம். சரியாகிவிட்டது.

இரண்டு மாசம் ஒரு தகவலும் இல்லை. நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள், ஒவ்வொரு இரவும் பட்டியலைத்தான் திறந்து வைத்துக்கொண்டிருப்பேன். கோயில் பட்டியல் இல்லை, என் சொந்தக் கணக்கில் இருக்கிற போன் நம்பர் பட்டியல். ஒருநாள் அதில் நான் போடாத பெயர் ஒன்று. "கிளினிக் மேடம்." நான் எந்தக் கிளினிக்குக்கும் போவதில்லை. இரண்டு நாள் கழித்து, "ஹவுஸ் ஓனர் அக்கா காவேரிப்பட்டினம்." அப்புறம் "வாட்டர் கேன் அண்ணா."

யோசித்து யோசித்துப் பார்த்தேன். அப்புறம் பிடிபட்டது. என் தங்கச்சி மகள் வினிதாவுக்கு, அவள் நர்சிங் சேர்ந்தபோது, என் பழைய போனைக் கொடுத்திருந்தேன். அதிலிருந்து என் கணக்கை எடுக்க மறந்துவிட்டேன். அவள் புதிதாக யார் நம்பரைப் பதிந்தாலும் அது என் பட்டியலிலும் வந்து விழுகிறது. பாவம், அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் எடுத்துவிடுவாள், அதனால் நானும் சொல்லவில்லை. ஷிப்டுக்கு வந்து உட்கார்ந்தால் நேற்றைக்குப் பிறகு என்ன புதுப் பெயர் வந்திருக்கிறது என்று காட்டுகிற மாதிரி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வைத்தேன். மூன்றே வரிதான். ஒருநாள் "கேக் ஆர்டர்" என்று வந்தது. அன்றைக்கு மரகதத்துக்குப் பிறந்தநாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

தர்மபுரி வந்துவிட்டது. பத்து நிமிஷம் நிற்பான். நீங்கள் டீ குடிக்கிறதென்றால் இறங்குங்கள். நான் வரவில்லை. வேண்டாம், என்னைத் தாண்டிப் போங்கள், நான் எழுந்து நின்றால் அவருக்கு விழிப்பு வந்துவிடும்.

யாரா? முன்னால் மூன்றாவது சீட், ஜன்னலோரம், தலையைக் கம்பியில் சாய்த்துத் தூங்குகிறாரே, வெள்ளைச் சட்டை. அவர்தான். மாப்பிள்ளை. சென்னகேசவன்.

உட்கார்ந்துவிட்டீர்களே. டீ வேண்டாமா?

நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். தனசேகரண்ணன் ஏற்பாடு. யாகசாலையில் எங்கள் வீட்டுப் பெண் மாப்பிள்ளை ஜோடியாக வந்து உட்கார வேண்டும், இல்லாவிட்டால் பங்காளிகள் முன்னால் கேவலம் என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளையும் என்னைத் தேடிவந்து பேசினார். குடியை விட்டுவிட்டாராம். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒரு தடவ நேர்ல பாத்து மன்னிப்புக் கேக்கணும் மச்சான். அப்பறம் அவ இஷ்டம்" என்றார். ஒரு ஆம்பளை அப்படிக் கேட்டால் என்ன செய்வது? காலடியில் ஜவுளிக்கடைப் பை வைத்திருக்கிறார் பாருங்கள். சேலை. அவளுக்குப் பிடித்த நிறமா என்று என்னிடம் காட்டினார். அவளுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை, பிடிக்கும் என்று சொன்னேன்.

ஊர்ப் பெயரை மட்டும் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். டிக்கெட்டும் நான்தான் எடுத்தேன். ஏன் சொல்லவில்லை என்று எனக்கே தெரியவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இரண்டு தடவை கேட்டார், அப்போது வேறு ஏதோ பேச்சு வந்துவிட்டது.

முந்தாநாள் அந்த ஹவுஸ் ஓனர் அக்காவுக்குப் போன் செய்தேன். மரகதத்தின் அண்ணன் என்றேன். போனைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நான் அலோ என்றதும் என் குரலை அடையாளம் கண்டுகொண்டாள்.

"எப்பிடிண்ணா கண்டுபிடிச்ச?"

"அது... ஒரு மாதிரி கண்டுபிடிச்சேன்."

"இனிமே ஓட முடியாதுண்ணா. வினிதா இப்பத்தான் வேலைக்குப் போறா. எனக்கும் மாம்பழக் கூழ் கம்பெனியில வேல. முடியாது."

"ஓட வேண்டாம். நான் வந்து பாக்கறேன். வியாழக்கிழமை."

"தனியாத்தான வர்ற?"

"ஆமா"ன்னேன்.

அது பொய்யில்லை சார். மாப்பிள்ளையும் வருகிறார் என்று முன்னாலேயே சொன்னால் பயந்துகொள்வாள். நேரில் பார்த்து இரண்டு வார்த்தை பேசிவிட்டால் சரியாகிவிடும். அதற்காகச் சொன்னது. எனக்குச் சாம்பார் வைத்து வைக்கிறேன் என்றாள். முருங்கைக்காய் போட்டு வைக்கட்டுமா என்று கேட்டாள். என்னிடம் இதையெல்லாம் கேட்கிறவள் அவள் ஒருத்திதான்.

கிளம்பிவிட்டான். ஒன்றும் சாப்பிடாமல் இருக்கிறீர்களே, நிலக்கடலையாவது வாங்கியிருக்கலாம்.

இன்னும் ஒன்று. இதை யாரிடமும் சொல்லவில்லை. பெரிய விஷயம் ஒன்றுமில்லை. காலையில் சேலம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவர் தம்ளரை வைத்துவிட்டு, சும்மா கேட்கிற மாதிரி, "அந்த வீட்டுக்குப் பின்வாசல் இருக்கா மச்சான்?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது.

எதற்குக் கேட்டார் என்று நினைக்கிறீர்கள்? வாடகை வீடு எப்படி, காற்றோட்டம் இருக்கிறதா என்று கேட்கிற மாதிரியா? இல்லை... சேலை கொடுக்கப் போகிறவர்... முன்வாசல் வழியாகப் போய்க் கொடுக்கலாமே. திருப்பூரிலும் அந்தக் கதவு... பழைய கதவு என்று சொன்னேன் இல்லையா, அது அவ்வளவு பழைய கதவு இல்லை. தேக்கு இல்லை, ஆனால் நல்ல பலகை.

ஏன் சார் அப்படிப் பார்க்கிறீர்கள்? என்னைத் திட்டுவதென்றால் திட்டிவிடுங்கள். நான் அதை யோசிக்கவில்லை என்றா நினைத்தீர்கள்? சேலத்திலிருந்து அது ஒன்றுதான் மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது. இல்லாவிட்டால் முன்பின் தெரியாத உங்களிடம் ஏன் இவ்வளவு பேசப்போகிறேன்? தூங்காதவன் பேச்சு, மன்னித்துக்கொள்ளுங்கள்.

அவர் பேரில் சந்தேகம் என்று இல்லை. மனுஷர் திருந்தக் கூடாதா? திருந்தலாம். திருந்தியிருக்கவும் கூடும். ஆனால் முருங்கைக்காய்ச் சாம்பார் வைத்துவிட்டு அவள் கதவைத் திறப்பாள் இல்லையா சார். நான்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு திறப்பாள். யாரென்று பார்க்கக்கூட மாட்டாள்.

என்ன சொன்னீர்கள்? ஆமாம், இதுதான் காவேரிப்பட்டினம். மாந்தோப்பு தெரிகிறது பாருங்கள். கூழ் கம்பெனிச் சங்கு ஒரு மணிக்கு என்று சொன்னாள், சாப்பிட வீட்டுக்கு வந்துவிடுவாளாம்.

கண்டக்டர் வருகிறார்.

"காவேரிப்பட்டினம் எறங்கறவங்க வாங்க! சார், உங்களுக்கு ரெண்டு டிக்கெட் காவேரிப்பட்டினம்தான? எந்திரிங்க."

"இல்லங்க. கிருஷ்ணகிரிக்குப் போட்டுக் குடுத்துருங்க."

"காவேரிப்பட்டினம்னுதான சார் கேட்டீங்க? திரும்பித் திரும்பி ரெண்டு தடவ கேட்டு எழுதினேனே."

"தப்பாச் சொல்லிட்டேங்க. கிருஷ்ணகிரி. ரெண்டு பேருக்கும்."

"இன்னொருத்தர் யாரு, இவரா?"

"இவரில்ல. முன்னாடி, மூணாவது சீட்டு. வெள்ளச் சட்ட."

"அவர எழுப்பிக் கேட்டுக்கறேன், இருங்க."

"ஐயோ வேண்டாங்க! எழுப்பாதீங்க. அவருக்கும் நாந்தான் எடுக்கறேன். இந்தாங்க, சில்லற இருக்கு. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. விசில் அடிக்கணும்னா... சரி, அடிங்க, வேற வழியில்ல. ஆனா சீக்கிரம் எடுக்கச் சொல்லுங்க வண்டிய."

சார், நீங்கள் பார்க்கிறீர்களா? எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. அசைகிறாரா? கண்ணைத் திறந்துவிட்டாரா?

தூங்குகிறாரா. நிஜமாகவா.

நகர்ந்துவிட்டது வண்டி.